மேமி ஃபிப்ஸ் கிளார்க்கும் ஹார்லெமின் நார்த்சைடு மையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளின் மனநலம் என்று பேச்சு எடுத்தால் உடனே எல்லோரும் சொல்வது "பொம்மைச் சோதனை". பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற 1954 தீர்ப்போடு சேர்த்து அது பாடப்புத்தகங்களில் வந்துவிட்டது. அதைச் செய்த இருவரில் ஒருவர் மேமி ஃபிப்ஸ் கிளார்க். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொம்மைகளைவிட, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியில் அவர் 33 ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய நார்த்சைடு என்ற குழந்தை மனநல மையம்தான் பெரிய காரியம் என்று நினைப்பவன் நான். பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

இவர் எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார்?

1917இல், அர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில். அப்பா மருத்துவர், கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர். தெற்கு மாநிலங்களில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு அன்று கிடைக்கக்கூடிய வசதியும் மரியாதையும் அந்த வீட்டில் இருந்தன. ஆனாலும் எந்தக் கடைக்குள் நுழையலாம், எதற்குள் நுழையக் கூடாது என்று தெரிந்துகொண்டுதான் தெருவில் இறங்க வேண்டும். பள்ளி கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டுமானது. சிறு வயதில் ஊரில் நடந்த ஒரு கும்பல் கொலையின் நினைவு கடைசிவரை அவரிடம் இருந்தது. பின்னாளில் கொடுத்த நேர்காணலில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

கணிதம் படிக்கப் போனவர் உளவியலுக்கு எப்படி வந்தார்?

வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1934இல் சேர்ந்தபோது அவர் எடுத்தது கணிதமும் இயற்பியலும்தான். கணிதப் பேராசிரியர்கள் பெண்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்போது அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்த கென்னத் கிளார்க், 'குழந்தைகளோடு வேலை செய்ய வேண்டும் என்கிறாயே, உளவியலுக்கு வந்துவிடேன்' என்ற வகையில் பேசி மாற்றினார். பிறகு இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள்.

1938இல் பட்டம் பெற்ற கையோடு, கோடை விடுமுறையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது கறுப்பின வழக்கறிஞர் வில்லியம் ஹூஸ்டனின் அலுவலகம். இனப்பிரிவினைச் சட்டங்களை நீதிமன்றத்தில் உடைக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வந்துபோகும் இடம். பின்னாளில் அந்த 1954 வழக்கை வாதாடிய தர்குட் மார்ஷல் போன்றவர்களை மேமி பார்த்தது அங்கேதான். இந்தச் சட்டங்களை மாற்ற முடியும் என்ற நம்பிக்கையே அங்கே வந்ததுதான் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார்.

அந்தக் கோடைக்குப் பிறகு எழுதிய முதுகலை ஆய்வின் கேள்வி எளிமையானது: பள்ளிக்குப் போகாத வயதில் ஒரு கறுப்பினக் குழந்தைக்குத் தான் கறுப்பினம் என்று எப்போது தெரியவருகிறது?

இனப்பிரிவினையை ஆதரித்த பேராசிரியரிடம் போய் முனைவர் பட்டம் படித்தாராமே?

ஆமாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய நெறியாளர் ஹென்றி காரெட். கறுப்பினத்தவர் பிறவியிலேயே அறிவில் குறைந்தவர்கள் என்று வெளிப்படையாகப் பேசியவர். மேமி அவரைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். 1943இல் பட்டம். கொலம்பியாவில் உளவியலில் முனைவர் ஆன கறுப்பினத்தவரில் இவர் இரண்டாவது. முதலாமவர் கணவர் கென்னத்.

கதை அத்தோடு முடியவில்லை. 1952இல் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டப் பள்ளி இனப்பிரிவினை வழக்கில், பிரிவினையை ஆதரித்த அரசுத் தரப்பின் சாட்சியாகக் காரெட் வந்தார். அவருடைய வாதத்தை மறுக்க எதிர்த்தரப்பு கூண்டில் ஏற்றிய சாட்சிகளில் அவருடைய பழைய மாணவி மேமியும் ஒருவர்.

பட்டம் வாங்கிய பிறகு வேலை கிடைத்ததா?

தகுதிக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு கறுப்பினப் பெண்ணை வைத்து என்ன செய்வது என்று அன்றைய நியூயார்க்குக்குத் தெரியவில்லை. செவிலியர்களைப் பற்றிய புள்ளிவிவரங்களை அலசும் வேலை, ராணுவக் கல்வி அமைப்பில் ஆய்வு வேலை என்று சில ஆண்டுகள் போயின. இரண்டுமே அவருக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் ரிவர்டேல் என்ற குழந்தைகள் இல்லத்தில் வேலை. வீடில்லாத கறுப்பினச் சிறுமிகளுக்கு உளவியல் சோதனைகளும் கவுன்சலிங்கும் செய்ய வேண்டும். அவருடைய பாதை உறுதியானது இங்கேதான். கைவிடப்பட்டு, அடிபட்டு, இடம் மாறி மாறி வந்த பிள்ளைகள்; அவர்களைப் பார்க்க நகரத்தில் ஏறக்குறைய யாருமே இல்லை. ஹார்லெமில் சேவை தொடங்குங்கள் என்று இருக்கிற சமூக நல அமைப்புகளிடம் கிளார்க் தம்பதியர் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் முன்வரவில்லை.

சரி, பொம்மைச் சோதனை என்பதுதான் என்ன?

நான்கு பொம்மைகள். நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்றே: இரண்டு வெள்ளை நிறம், இரண்டு பழுப்பு. ஹார்லெம் 125ஆம் தெருவின் உல்வொர்த் கடையில் ஒன்று 50 சென்ட் என்று வாங்கியவை. பழுப்பு நிறப் பொம்மை கிடைப்பதே அன்று அரிது.

3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் அவற்றைக் காட்டிச் சில கேள்விகள் கேட்டார்கள். எந்தப் பொம்மையோடு விளையாட ஆசை? எது நல்ல பொம்மை? எது பார்க்க நன்றாக இல்லை? எதன் நிறம் அழகு? கடைசியாக, எந்தப் பொம்மை உன்னைப் போல இருக்கிறது?

ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையோடு விளையாட விரும்பினார்கள். 59 சதவீதம் பேர் பழுப்புப் பொம்மைதான் 'பார்க்க நன்றாக இல்லை' என்றார்கள். அதற்குப் பிறகு 'உன்னைப் போல இருப்பதைக் கொடு' என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். சிலர் அறையை விட்டு ஓடினார்கள்.

1951இல் தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில், அங்கே நடந்த பள்ளி இனப்பிரிவினை வழக்குக்காக, 16 குழந்தைகளிடம் கென்னத் இதையே செய்து பார்த்தார். அந்த வழக்கும் வர்ஜீனியா வழக்கும் வேறு சில வழக்குகளோடு சேர்ந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1954 மே 17 அன்று வந்த தீர்ப்பின் 11ஆவது அடிக்குறிப்பில் கென்னத்தின் கட்டுரை ஒன்று முதலாவதாகக் குறிப்பிடப்பட்டது. மேமியின் முதுகலை ஆய்விலிருந்து கிளைத்த வேலை அது. அடிக்குறிப்பில் அவர் பெயர் இல்லை.

அந்தச் சோதனை அறிவியல்பூர்வமாக நிற்குமா?

ஒரு முக்கியமான ஓட்டை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த 253 பேரில் 134 பேர் அர்கன்சாஸின் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளிகளில் இருந்தவர்கள். 119 பேர் மாசச்சூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் வெள்ளையரோடு சேர்ந்து படித்தவர்கள். பிரிவினைப் பள்ளிதான் காயத்துக்குக் காரணம் என்றால் தெற்குக் குழந்தைகள்தானே வெள்ளைப் பொம்மையை அதிகம் விரும்பியிருக்க வேண்டும்? நடந்தது தலைகீழ். வடக்கில் 72 சதவீதம், தெற்கில் 62 சதவீதம். பிரிவினையை ஆதரித்த தரப்பின் வழக்கறிஞர் ஜான் டேவிஸ் இதை நீதிமன்றத்திலேயே பிடித்துக்கொண்டார்.

கிளார்க் தம்பதியரின் விளக்கம் வேறு. தெற்குக் குழந்தை ஒதுக்கலை வாழ்க்கையின் விதியாக ஏற்று அமைதியாகிவிட்டது, வடக்குக் குழந்தைக்கு இன்னும் வலிக்கிறது என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை இந்தச் சோதனை நிரூபிக்காது. பள்ளி ஒன்று மட்டும் காரணமில்லை, ஊரே காரணம் என்று அந்த எண்களைப் படிப்பதுதான் சரி என்பது என் கருத்து. மேமி அடுத்து எடுத்த முடிவும் அதற்குத்தான் பொருந்துகிறது.

நார்த்சைடு மையம் எப்படித் தொடங்கியது?

1946இல், ஹார்லெமின் டன்பார் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில். மேமியின் அப்பாவிடம் வாங்கிய கடன் 946 டாலர். மருத்துவர்களும் உளவியலாளர்களும் சமூகப் பணியாளர்களும் பகுதி நேரமாக, பலர் சம்பளமே வாங்காமல், வந்து உதவினார்கள். முதலில் "நார்த்சைடு சோதனை மற்றும் ஆலோசனை மையம்" என்று பெயர். இரண்டு ஆண்டுகளில் "நார்த்சைடு குழந்தை வளர்ச்சி மையம்" ஆனது. ஊழியர்களில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணமல்ல.

ஹார்லெம் பெற்றோர் பிள்ளைகளை அங்கே கூட்டிவந்தார்களா?

தொடக்கத்தில் தயங்கினார்கள். மனநல மையத்துக்குப் போனால் பிள்ளைக்குப் பைத்தியம் என்று ஊர் பேசும். இந்தப் பயம் எந்த ஊரிலும் இருக்கிறதுதான். ஆனால் இங்கே இன்னொன்றும் சேர்ந்திருந்தது: பள்ளியும் நீதிமன்றமும் நல அலுவலகமும் இதுவரை தங்கள் பிள்ளைகளைச் சோதித்ததெல்லாம் குறை கண்டுபிடிக்கத்தானே!

தயக்கம் உடைந்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நியூயார்க் பொதுப் பள்ளிகளில் 'மன வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான வகுப்பு' என்று ஒன்று இருந்தது. ஐ.க்யூ. (அறிவுத்திறன் அளவு) 70க்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது என்பது விதி. ஹார்லெம் பிள்ளைகள் பலரை அதில் தூக்கிப் போட்டிருந்தார்கள். அம்மாக்களுக்குச் சந்தேகம்: வீட்டில் கடைக்கணக்கு பார்க்கிறான், தம்பியைக் கவனித்துக்கொள்கிறான், இவனுக்கா மூளை வளர்ச்சி இல்லை? மேமியின் குழு அந்தப் பிள்ளைகளுக்கு முறையாகச் சோதனை வைத்தது. பெரும்பாலானோர் 70க்கு மேல். பள்ளி நிர்வாகம் தன் விதியைத் தானே மீறியிருந்தது.

அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு பெற்றோரும் மையமும் பள்ளி நிர்வாகத்தோடு மோதினார்கள். பிள்ளைகள் வழக்கமான வகுப்புகளுக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு ஹார்லெமில் நார்த்சைடுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. எந்தச் சோதனையைக் கண்டு பெற்றோர் பயந்தார்களோ, அதையே அவர்களுக்கான ஆயுதமாக ஒருவர் மாற்றிக் கொடுத்தார். நம்பிக்கை வந்த பிறகுதான் தூக்கமின்மை, பயம், வீட்டுச் சண்டை என்று மற்றவை பேச்சில் வந்தன.

அங்கே கொடுத்த சிகிச்சையில் என்ன வித்தியாசம்?

அன்றைய குழந்தை மனநல மையங்கள் பலவற்றில் மனப்பகுப்பாய்வுதான் சட்டம். பிள்ளை தவறாக நடந்தால் அம்மாவோடு உள்ள உறவில் கோளாறு தேடுவார்கள். நார்த்சைடிலும் மனநல மருத்துவர்கள் இருந்தார்கள், தனிப்பட்ட சிகிச்சையும் நடந்தது. ஆனால் எல்லாவற்றையும் குடும்பத்துக்குள்ளேயே தேடுவதைக் கிளார்க் தம்பதியர் ஏற்கவில்லை. எலி ஓடும் வாடகை வீடு, படிக்கச் சொல்லித்தராத பள்ளி, போலீஸ், வேலை கிடைக்காத அப்பா, இவற்றை விட்டுவிட்டுக் குழந்தையின் மனதை மட்டும் சரிசெய்ய முடியாது என்றார்கள். இதற்காக மையத்துக்கு உள்ளேயே, நிதி கொடுத்தவர்கள் மத்தியிலும் மனக்கசப்பு வந்தது.

நடைமுறையில் அது எப்படி இருந்தது? வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குத் தனியாக வாசிப்புப் பயிற்சி. பெற்றோருக்கு ஆலோசனை. வீட்டுப் பிரச்சினை, பள்ளிப் பிரச்சினைக்குச் சமூகப் பணியாளர் துணை. ஒரு சிறுவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டால் வகுப்பில் அவமானப்படுவது நிற்கும், அவமானம் நின்றால் சண்டை பாதி நிற்கும். வாசிப்புப் பயிற்சியும் சிகிச்சைதான் என்று 1940களிலேயே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஹார்லெமில் அப்போது வேறு மனநல மையமே இல்லையா?

இருந்தது. அதே 1946இல், புனித ஃபிலிப் தேவாலயத்தின் அடித்தளத்தில் லஃபார்க் கிளினிக் திறந்தது. மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் நடத்தினார், எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் துணை நின்றார். கட்டணம் 25 சென்ட், இல்லாதவர்களுக்கு இலவசம். பெரியவர்களும் வந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கடந்து 1950களின் இறுதியில் மூடப்பட்டது. நிரந்தர நிதி இல்லாமல் தன்னார்வலர்களை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம். கிளினிக் நடத்துவதில் பாதி, பணம் திரட்டுவது. மேமிக்கு அந்தப் பொறுமை இருந்தது.

இவரை 'ட்ராமாவை (ஆழமான மனக்காயத்தை) உணர்ந்த சிகிச்சை'யின் முன்னோடி என்பது மிகையில்லையா?

அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தியிருக்கவும் முடியாது. பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்ற நோய்ப்பெயரே 1980இல்தான் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில் ஏறியது. அமெரிக்க மத்திய அரசின் மனநலச் சேவைத் துறை 2014இல் ட்ராமாவை உணர்ந்த அணுகுமுறைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ட்ராமா எவ்வளவு பரவலானது என்று புரிந்துகொள், அதன் அடையாளங்களைக் கண்டுகொள், நடைமுறைகளை அதற்கேற்ப மாற்று, சேவை என்ற பெயரில் மறுபடியும் காயப்படுத்தாதே. அதன் சாரம் இதுதான். பண்பாட்டையும் வரலாற்றையும் கணக்கில் எடு என்பதும் அதன் கொள்கைகளில் உண்டு.

இந்த நான்கில் கடைசி ஒன்றைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தவறான வகுப்பில் தள்ளப்பட்ட பிள்ளைக்கு அந்த வகுப்பே காயம். அதிலிருந்து மீட்டதுதான் நார்த்சைடு செய்த முதல் பெரிய சிகிச்சை. அந்த அளவில் முன்னோடி என்பது மிகையில்லை.

கறுப்பின மக்கள் மனநலச் சேவையை நம்பத் தயங்குவது ஏன்?

மனநோய் என்றால் களங்கம் என்ற எண்ணம்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது வசதி. வரலாறு வேறு சொல்கிறது. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தெற்கத்தி மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதி அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் வைத்தார். 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் சிஃபிலிஸ் நோயாளிகளான 399 கறுப்பின ஆண்களை, பென்சிலின் கிடைத்த பிறகும் மருந்து கொடுக்காமல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. அண்மைக் காலத்திலும், ஒரே மாதிரி அறிகுறிகளோடு வந்தாலும் கறுப்பின நோயாளிக்கு மனச்சோர்வுக்குப் பதில் ஸ்கிட்சோஃப்ரீனியா (மனச்சிதைவு) என்று எழுதிவிடும் போக்கை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு ஒருவர் சந்தேகப்பட்டால் அதை நான் அறிகுறி என்று சொல்ல மாட்டேன், அனுபவம் என்பேன்.

இனவெறியையும் ட்ராமா என்று சொல்லலாமா?

இது இன்றும் நடக்கும் விவாதம். நோய் வகைப்பாட்டின்படி பி.டி.எஸ்.டி.க்குக் கொலை, கடுமையான காயம், பாலியல் வன்முறை போன்ற ஒரு நிகழ்வோ அதன் மிரட்டலோ இருக்க வேண்டும். தினமும் கடையில் பின்தொடரப்படுவது அந்தக் கணக்கில் வராது. கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியர் ராபர்ட் கார்ட்டர் 2007இல், இனவெறியால் வரும் பாதிப்பை நோயாக இல்லாமல் ஒரு காயமாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். நோய் என்றால் குறை உன்னிடம். காயம் என்றால், காயப்படுத்தியது யார் என்ற கேள்வி வரும்.

அளவிடும் கருவிகளிலேயே இந்தச் சிக்கல் உண்டு. குழந்தைப் பருவத் துயர அனுபவங்கள் பற்றிய புகழ்பெற்ற 1998 ஆய்வு சான் டியேகோவில் மருத்துவக் காப்பீடு இருந்தவர்களிடம் நடந்தது. பெரும்பாலும் வெள்ளையர், படித்தவர்கள். கேள்விகள் எல்லாம் வீட்டுக்குள் நடப்பவை பற்றி. பிற்பாடு ஃபிலடெல்ஃபியாவில் அதை விரிவாக்கியபோது தெருவில் வன்முறையைப் பார்த்தது, இனப் பாகுபாடு, பாதுகாப்பற்ற அக்கம்பக்கம் போன்றவற்றைச் சேர்த்தார்கள். அதற்கும் முன்னால், 1980களிலேயே சிகாகோவின் தென்பகுதியில் கறுப்பின மனநல மருத்துவர் கார்ல் பெல் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் சுடப்படுவதை நேரில் பார்த்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். யாரும் அதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மேமிக்குப் பிறகு உளவியல் துறை மாறியதா?

மெதுவாக. 1968இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டின்போது கறுப்பின உளவியலாளர்கள் தனியாகக் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். கென்னத் 1971இல் பழைய சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவர் ஆனார். அந்தச் சங்கம் இனவெறிக்குத் தன் பங்குக்கு அதிகாரபூர்வமாக மன்னிப்புக் கேட்டது 2021 அக்டோபரில்! 2023இல் அதன் தலைவராக இருந்த தேமா பிரையன்ட் ட்ராமா துறை உளவியலாளர், கூடவே கறுப்பினத் தேவாலயம் ஒன்றில் ஊழியம் செய்பவர். மக்கள் ஏற்கெனவே நம்பும் இடத்துக்கு உளவியல் போக வேண்டும் என்ற பழைய பாடம் இப்போது பரவலாகியிருக்கிறது. முடிதிருத்தும் கடைக்காரர்களுக்கு மனச்சோர்வின் அடையாளங்களைக் கண்டுகொள்ளப் பயிற்சி தரும் அமைப்புகள்கூட உண்டு. ஆனால் அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் இன்னும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். இந்த எண் மாறாதவரை மற்றதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான்.

மேமியைவிட கென்னத் ஏன் பிரபலம்?

அவர் பேராசிரியர், நீதிமன்றத்தில் பேசினார், தொலைக்காட்சியில் வந்தார். மேமி காலையில் மையத்தைத் திறந்து, ஊழியர்களைக் கவனித்து, நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். பொம்மைச் சோதனை முதலில் மேமியின் திட்டம், தான் அதில் பிறகு சேர்ந்துகொண்டவன் என்று கென்னத்தே சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

நார்த்சைடு இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. 1974இல் சென்ட்ரல் பார்க்கின் வடகிழக்கு மூலையில், ஐந்தாம் அவென்யூவும் 110ஆம் தெருவும் சேரும் இடத்தில் எழுந்த ஷோம்பர்க் பிளாசாவுக்கு மையம் குடிபோனது. மேமி 1979இல் ஓய்வு பெற்றார், 1983இல் இறந்தார். குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான மனநலச் சேவையும் கல்வி உதவியும் நார்த்சைடு என்ற அதே பெயரில் தொடர்கின்றன.